நிலக்காட்சி ஒளிப்படக்கலை: புதுச்சேரிக் கடற்கரையை முன்வைத்து

நிலக்காட்சி ஒளிப்படக்கலை என்பது மலை, கடல், ஏரி, காடு, வயல்வெளி முதலான திறந்தவெளிகளைப் படம்பிடிக்கும் கலையாகும். சுற்றுலா செல்வோரும் மலையேறுவோரும் மிகுதியாக எடுப்பவை இவ்வகைப் படங்களே. இவை கண்ணுக்கு இனிமை தருகின்றன. அத்துடன், ஓர் இடம் ஒரு குறிப்பிட்ட நாளில் எப்படி இருந்தது என்பதற்குச் சான்றாகவும் நிற்கின்றன. இந்த இரண்டாவது பயன் எவ்வளவு பெரியது என்பதைப் புதுச்சேரிக் கடற்கரை காட்டுகிறது.

தொடக்க காலம்

இந்தியாவில் பயணமும் ஒளிப்படமும் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே இணைந்தன. 1856-இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1857–58 ஆண்டுகளில் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களுக்குச் சென்று கோயில்களையும் கோட்டைகளையும் பாறைக் குன்றுகளையும் படம்பிடித்தார். மெழுகு பூசிய தாளே அவருடைய எதிர்ப்படம். அக்காலத்து வேதிப்பொருள்கள் நீல ஒளியை அளவுக்கு மீறி ஏற்றதால் வானம் வெறும் வெள்ளையாகப் பதிந்தது. எனவே அவர் எதிர்ப்படத்தின் மீது மேகங்களைத் தூரிகையால் தீட்டினார்.

1863-இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன் இமயமலைக்கு மூன்று பயணங்கள் மேற்கொண்டார். அவர் கையாண்டது ஈரக் கண்ணாடித் தகடு முறை. தகட்டில் மருந்து பூசி, படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் அதே இடத்தில் கழுவியும் ஆக வேண்டும். ஆகவே இருட்டறைக் கூடாரம், கண்ணாடித் தகடுகள், வேதிப்பொருள் புட்டிகள் ஆகியவற்றைச் சுமக்கப் பல சுமையாட்கள் உடன் சென்றனர். இன்று ஒரு கைப்பேசி இவ்வளவு வேலையையும் நொடியில் முடிக்கிறது.

ஒளியும் நேரமும்

சூரியன் அடிவானத்தை ஒட்டியிருக்கும்போது வரும் மஞ்சள் கலந்த மென்மையான ஒளி நிலக்காட்சிக்கு உகந்தது. இதைப் பொன் நேரம் என்பர். சாய்ந்து விழும் ஒளியில் மணல் மேடுகளும் அலைகளும் நீண்ட நிழலுடன் தெளிவாகத் தெரியும்.

வெளிநாட்டு நூல்கள் இதை ஒரு மணி நேரம் எனக் கூறுவது நம் ஊருக்குப் பொருந்தாது. புதுச்சேரி ஏறத்தாழ 12 பாகை வட அகலாங்கில் உள்ளது. இங்கே சூரியன் செங்குத்தாக மேலே ஏறுகிறது. அடிவானத்திலிருந்து 6 பாகை உயரத்தை எட்ட அதற்கு ஏறத்தாழ 25 நிமிடம் போதும். லண்டனில் மார்ச் மாதத்தில்கூட இதற்கு 40 நிமிடம் அளவுக்கு ஆகும். எனவே நகரின் உட்பகுதியான சாரத்திலிருந்து கடற்கரைக்குச் செல்பவர், சூரியன் உதிப்பதற்கு அரைமணி நேரம் முன்பே அங்கிருப்பது நல்லது. ஜூன் தொடக்கத்தில் உதயம் காலை 5.45 மணி அளவில் நிகழும். ஜனவரி இறுதியில் 6.30 மணியைத் தாண்டிவிடும்.

புதுச்சேரிக் கடற்கரை கிழக்கு நோக்கியது. காலையில் கடலைப் பார்த்து எடுத்தால் படகும் மனிதரும் கருநிழல் உருவங்களாகப் பதிவர். சூரியனுக்கு முதுகு காட்டித் திரும்பினால், 1836-இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கமும் கடலோரக் கட்டடங்களும் முழு வெளிச்சத்தில் கிடைக்கும். மாலைக் காட்சிக்கு நகரின் மேற்கே உள்ள ஊசுட்டேரி ஏற்றது. அதன் கிழக்குக் கரையில் நின்றால் நீரின் மேல் சூரியன் மறைவதைக் காணலாம்.

காட்சியை அமைத்தல்

அடிவானக் கோடு சாயாமல் இருக்க வேண்டும். வானம் அழகாக இருந்தால் அக்கோட்டைப் படத்தின் கீழ்ப்பகுதியிலும், மணலோ அலையோ சிறப்பாக இருந்தால் மேல்பகுதியிலும் வைக்கலாம். முன்னால் ஒரு கட்டுமரமோ பாறையோ இடம்பெற்றால் காட்சியின் ஆழமும் அளவும் புலப்படும்.

மாறிய கடற்கரை

ஆண்டின் பெரும்பகுதியில் இக்கடற்கரையை ஒட்டி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த ஓட்டம் திசை மாறும். 1980-களில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. வடக்கே செல்ல வேண்டிய மணல் சுவரின் தெற்கே தேங்கியது. வடக்கே இருந்த நகரக் கடற்கரை மணலை இழந்தது. அரிப்பைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் போன்ற மீனவர் பகுதிகளில் படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இருந்த மணல்வெளி போயிற்று.

பின்னர் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலில் செயற்கைத் திட்டு அமைக்கப்பட்டது. அதன்பின் அப்பகுதியில் மணல் ஓரளவு திரும்பியது. மறுபுறம், எண்ணற்றோர் படம்பிடித்த பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச் மாதத்தில் கடல் சீற்றத்தால் இடிந்து விழுந்தது.

இந்த மாற்றங்களை நேரில் காணாத இளைய தலைமுறைக்கு, பழைய அஞ்சலட்டைகளும் குடும்பப் படங்களுமே எளிதில் கிடைக்கும் சான்றுகள். ஆனால் அவற்றுள் பலவற்றில் நாளும் இடமும் குறிக்கப்படவில்லை.

மீள் ஒளிப்படம்

ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில், கால இடைவெளி விட்டுப் படமெடுத்து ஒப்பிடுவதை மீள் ஒளிப்படமுறை எனலாம். பனிப்பாறைகள் சுருங்குவதை அறிவியலாளர் இம்முறையால் கண்டறிந்துள்ளனர். மாணவர்களும் இதைச் செய்யலாம்:

1. காந்தி சிலை மேடை, கலங்கரை விளக்கம் போன்ற அசையாத ஓர் அடையாளத்தை நிற்குமிடமாகக் கொள்ள வேண்டும்.
2. அந்த அடையாளத்தின் ஒரு பகுதி எல்லாப் படங்களிலும் இடம்பெற வேண்டும்.
3. உருப்பெருக்கம் செய்யாமல் ஒரே லென்சால் எடுக்க வேண்டும்.
4. ஒவ்வோர் ஆண்டும் அதே மாதத்தில் எடுக்க வேண்டும். மணல் பருவத்துக்கேற்ப வந்துபோவதால், ஜூன் மாதப் படத்தையும் டிசம்பர் மாதப் படத்தையும் ஒப்பிட்டுக் கடல் அரித்தது என முடிவு செய்வது தவறாகும்.
5. நாள், நேரம், இடம், பார்க்கும் திசை ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது கோப்பில் உள்ள நாள், இட விவரங்கள் நீங்கிவிடும். மூலக் கோப்பைத் தனியே சேமிக்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

கருங்கற்கள் பாசியால் வழுக்கும். படத்துக்காக அவற்றின் விளிம்பில் நிற்கக் கூடாது. லென்சில் மணல் படிந்தால் முதலில் ஊதி அகற்றிய பிறகே துணியால் துடைக்க வேண்டும். இல்லையேல் கீறல் விழும். ஊசுட்டேரியில் பறவைகள் பறக்கும் காட்சிக்காகக் கல்லெறிவதும் கூச்சலிடுவதும் அவற்றின் இரைதேடலைக் கெடுக்கும். டிரோன் பறக்கவிடுமுன் அவ்விடத்தில் அனுமதி தேவையா என அறிய வேண்டும். மீனவர்களைப் படமெடுக்குமுன் அவர்களிடம் கேட்பது முறை. அந்த இடத்தில் முன்பு மணல் எதுவரை இருந்தது என்பதையும் அவர்களிடமே கேட்டுப் படத்துடன் குறித்துக்கொள்ளலாம்.