பரோட்டாவா? பிரியாணியா? சைனீசா?
அடுப்படியில் வாலிபர்கள் திண்டாட்டம்!

சென்னை ஓட்டல்களில் வேலைக்குச் சேரும் பையன்கள் சேர்ந்த அன்றைக்கே கரண்டி பிடிப்பது இல்லை. முதலில் வெங்காயம். மூட்டை மூட்டையாக வெங்காயம். அப்புறம் பூண்டு, பாத்திரம், மாவு சுமப்பது. இப்படி ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழிந்த பிறகுதான் அந்தக் கேள்வி வரும்.

"ஏண்டா தம்பி, எந்த லைன்ல நிக்கப் போற?"

கேட்பவர் மாஸ்டர். பதில் சொல்ல வேண்டியவன் 18, 19 வயசுப் பையன். கேள்வி என்னவோ சின்னதுதான். ஆனால் அடுத்த 30 வருஷம் எந்த அடுப்புக்கு முன்னால் அவன் வேகப் போகிறான் என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பெரிய ஓட்டலில் அடுப்படி என்பது ஒன்று அல்ல. தோசைக்கல் ஒரு பக்கம். சாம்பார், குழம்பு, கூட்டு பார்க்கும் சரக்கு மாஸ்டர் ஒரு பக்கம். தந்தூரி அடுப்பு தனி. சைனீஸ் தனி. பரோட்டாக் கல் வாசலில். இனிப்புப் போடுகிறவர் பின்கட்டில். ஒருவர் லைனில் இன்னொருவர் கரண்டியை விட்டால் சண்டைதான்!

உண்மையைச் சொன்னால், பல பையன்கள் யோசித்துத் தேர்ந்தெடுப்பதே கிடையாது. பரோட்டா மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டால், அன்று ராத்திரி கல்லில் நிறுத்தப்படுகிறவன் பரோட்டா மாஸ்டர் ஆகிவிடுகிறான். அவ்வளவுதான் தேர்வு.

கைமேல் காசு

பரோட்டாவில் ஒரு வசதி, சீக்கிரம் காசு பார்க்கலாம். மைதாவைப் பிசைந்து, எண்ணெய் தடவி ஊறப் போட்டு, உருண்டை பிடித்து, வீசி, சுருட்டி, கல்லில் போட்டு, கடைசியில் இரண்டு கையாலும் அடித்து உதிர்க்க வேண்டும். துடிப்பான பையனுக்குச் சில மாதத்தில் கை வந்துவிடும். அன்றன்று கூலி. கடைக்குக் கடை ஆள் தேடுகிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால் சால்னாவில்!

சால்னா வைப்பவர் வேறு ஆள். பத்து வருஷம் பரோட்டா வீசியவன், நாலு காசு சேர்த்துச் சொந்தமாகக் கடை போடுகிறான் என்று வையுங்கள். குழம்புக்கு இன்னொரு மாஸ்டரைச் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும். அவர் ஒரு நாள் வரவில்லை என்றால் கடைக்குப் பூட்டு. முதலாளி ஆன பிறகும் இன்னொருவர் கையை எதிர்பார்க்கும் நிலைமை.

தோசைக்கல்லும் ஏறக்குறைய இதே கதைதான். அதில் இன்னொரு பயமும் உண்டு. கிரைண்டர் வந்தபோது ஆட்டுக்கல்லில் மாவாட்டியே பிழைத்த ஆட்களின் வேலை போனது. இப்போது மாவை ஊற்றினால் தோசையாகச் சுட்டுத் தள்ளும் மெஷினும் வந்துவிட்டது.

பெயர்தான் சைனீஸ்

பிரைடு ரைஸ், நூடுல்ஸ் லைனுக்குப் பெயர்தான் சைனீஸ். சரக்கு நம்ம ஊர்ச் சரக்கு. கொல்கத்தாவில் குடியேறிய சீனர்கள் தொடங்கி வைத்த ருசி இது. அங்கே பிறந்து மும்பைக்குப் போன நெல்சன் வாங் என்ற சமையல்காரர், 1975-ம் ஆண்டில் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாயோடு சோயா சாசைச் சேர்த்துப் போட்டதுதான் சிக்கன் மஞ்சூரியன் என்கிறார்கள். சீனாவில் போய்க் கேட்டால் முழிப்பார்கள்!

ஒரு அடுப்பு, ஒரு இரும்புச் சட்டி, ஒரு தள்ளுவண்டி இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம். அதனாலேயே தெருவுக்கு நாலு வண்டி. பெரிய ஓட்டல்களில் இந்த லைனில் வடகிழக்கு மாநிலத்துப் பையன்களும் நேபாளப் பையன்களும் நிறையப் பேர். நம்ம பையன்கள் இந்திக்குப் பயந்து ஒதுங்குகிறார்கள். அடுப்படி இந்தி ஆறு மாதத்தில் வந்துவிடும். அதற்காக ஒரு லைனையே விடுவது வீண்.

தந்தூரி அடுப்பின் சூடு 400 டிகிரியைத் தாண்டும். அதற்குள் கையை விட்டு ரொட்டியைச் சுவரில் ஒட்ட வேண்டும். முன்கையில் முடி இல்லாதவரைப் பார்த்தால் தந்தூரி மாஸ்டர் என்று சொல்லிவிடலாம். 1947-ல் நாடு பிரிந்தபோது பெஷாவரில் இருந்து டெல்லிக்கு ஓடி வந்தவர்கள் இந்த அடுப்பை நம்பித்தான் தரியாகஞ்சில் மோத்தி மகால் ஓட்டலைத் தொடங்கினார்கள். ஊர் போனது, கை போகவில்லை. பட்டர் சிக்கனை முதலில் செய்தது யார் என்று அவர்களின் வாரிசுகள் 2024-ல் டெல்லி ஐகோர்ட்டு வரை போனது வேறு கதை.

ஒரே உத்தரவு

சமீப காலத்தில் பையன்கள் வேகமாக ஓடிய லைன் ஷவர்மா. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட சிறுமி இறந்தாள். மாநிலம் முழுக்க அதிகாரிகள் கடை கடையாகச் சோதனை போட்டார்கள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தமிழக அரசு தடை விதித்தது.

தடை சரியானதுதான். சோறு போடும் இடத்தில் உயிர் போகக் கூடாது. ஆனால் சுழலும் கம்பியில் இருந்து கறி சீவுவதை மட்டுமே கற்றவன், கடைக்குச் சீல் வைத்த அன்று எங்கே போவான்?

2020 ஊரடங்கிலும் இதே பாடம்தான். ஸ்டார் ஓட்டல்கள் மூடிக் கிடந்தன. பிரியாணி போடத் தெரிந்தவர்கள் காரின் பின்கதவைத் திறந்து வைத்துப் பொட்டலம் விற்றதைச் சென்னை பார்த்தது.

உப்புக் கை

பிரியாணி, சரக்கு, இனிப்பு. இந்த மூன்றும் மெதுவான லைன்கள். வருஷக் கணக்கில் பொறுமை வேண்டும். ஒரு தோசை கருகினால் ஒரு தோசைதான் நஷ்டம். பிரியாணியில் அரிசி குழைந்தால் டேக்சா முழுக்கப் போச்சு! கல்யாண வீட்டில் மானமும் போச்சு. மைசூர்பாகில் பாகு ஒரு நிமிஷம் தாண்டினால் கல். அதனால்தான் பண்டாரிகளும் மாஸ்டர்களும் எடுபிடிப் பையனை லேசில் நம்புவதில்லை. மசாலா அளவைச் சொல்லமாட்டார்கள். உப்புப் போடும் நேரம் பார்த்து, "போய்த் தண்ணி எடுத்துட்டு வாடா" என்று அனுப்பிவிடுவார்கள்.

ஆகவே பையன்கள் பார்க்க வேண்டியது எந்த லைனில் சம்பளம் கூட என்பதை அல்ல. எந்த மாஸ்டர் பக்கத்தில் நிற்க வைத்து உப்புப் போட விடுகிறார் என்பதைத்தான். முதல் இரண்டு வருஷம் சரக்கு மாஸ்டரிடம் நின்றவனுக்குக் கத்தி, உப்பு, தீ மூன்றும் கைவசம் வந்துவிடும். அதன் பிறகு தந்தூரிக்கோ சைனீசுக்கோ போனால் அவன் தனி ஆள். முதலில் ஷவர்மாக் கம்பியைப் பிடித்தவன் திரும்பி வந்து சாம்பார் கற்பது கஷ்டம். வயசும் ஆகியிருக்கும், வெங்காயம் உரிக்க வெட்கமும் வந்திருக்கும்.

படிப்பு வழியாகப் போக நினைப்பவர்களுக்குத் தரமணியில் மத்திய அரசின் ஓட்டல் நிர்வாக நிலையம் இருக்கிறது. அங்கே எல்லா லைனையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். இந்த வசதி ஓட்டல் அடுப்படியில் கிடையாது.

கடைசியாக, வளைகுடா ஆசை. "தந்தூரி கத்துக்கிட்டா துபாய் போயிடலாம்" என்று சொல்லித்தான் பாதிப் பேரை அந்த லைனுக்கு இழுக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று இருக்கும். அவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி கட்டாயம். டூரிஸ்ட் விசாவில் அனுப்பி அங்கே மாற்றித் தருகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜெண்டுகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஏஜெண்டு பதிவு பெற்றவர்தானா என்று பார்க்காமல் ஒரு பைசா கொடுக்கக் கூடாது. அம்மாவின் தாலிச் செயினை அடகு வைத்துக் கொடுத்துவிட்டுப் போலீஸ் நிலைய வாசலில் நிற்பவர்களில் நல்ல கைப்பக்குவம் உள்ள பையன்களும் உண்டு.