ஒன்றாம் தேதி பூஜ்யம்

மாதக் கடைசியில் நாக்குத் தள்ள ஓடி டார்கெட்டை முடித்தாலும், ஒன்றாம் தேதி காலையில் கணக்கு பூஜ்யத்தில் வந்து நிற்கும். மார்க்கெட்டிங் வேலையின் கொடுமை இது. சில வருடம் இப்படி ஓடியவர்களுக்குக் களைப்போடு, 'இந்த வேலைக்கு நான் லாயக்கில்லையோ' என்ற சந்தேகமும் வந்துவிடுகிறது. இரண்டும் வேறு வேறு என்றுதான் நினைக்கிறோம். உளவியல் அப்படிப் பார்ப்பதில்லை.

நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றின் தொண்டர்கள் சோர்ந்து உதிர்வதைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், 1974இல் அதை 'பர்ன் அவுட்' என்று எழுதினார். 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதற்கு ஓர் அளவுகோல் செய்தார்கள். அதில் களைப்பு ஒரு பகுதிதான். மனிதர்களிடம் ஒட்டாமல் போவது இன்னொன்று. மூன்றாவது, 'நான் எதையும் சாதிக்கவில்லை' என்ற எண்ணம். ஆக, அந்தச் சந்தேகம் திறமையைப் பற்றிய தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பர்ன் அவுட்டின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

மெடிக்கல் ரெப் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நோயாளி போகும்வரை கிளினிக் வாசலில் பையோடு நிற்பார். உள்ளே கிடைப்பது இரண்டு நிமிடம். டாக்டர் தலையாட்டுவார். ஆனால் மருந்து எழுதப்படுவது விலை, கடையில் ஸ்டாக், போட்டிக் கம்பெனி என்று அவர் கையில் இல்லாத பலவற்றைப் பொறுத்தது. எழுதாவிட்டால் மட்டும் பழி அவருக்கு. சுமை அதிகம், கட்டுப்பாடு குறைவு: இந்தச் சேர்க்கைதான் ஆளை அதிகம் வதைக்கிறது என்று 1979லேயே ராபர்ட் கராசெக் வாதிட்டார்.

லீவு போட்டால் சரியாகிவிடுமா? ஆகும், கொஞ்ச நாளைக்கு. விடுமுறையின் தெம்பு சில வாரங்களில் வடிந்துவிடுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. அன்றாடம் வேலை முடிந்தபின் மனசும் வேலையை விட்டு வெளியே வருவதுதான் முக்கியம் என்கிறார் ஜெர்மன் ஆய்வாளர் சபினே சோனன்டாக். ராத்திரி பத்து மணிக்கு 'இன்றைய நம்பர் என்ன?' என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்கும் மேனேஜர் பிடுங்கிக்கொள்வது அதைத்தான். லாயக்கில்லையோ என்ற சந்தேகத்துக்கும் ஒரு வழி உண்டு: ஆர்டர் கணக்கோடு, பார்த்த ஆட்கள், பேசிய பேச்சு என்று தன் கையில் இருப்பதற்கும் தனிக் கணக்கு வைத்தால் அது கொஞ்சம் அடங்கலாம்.

2019இல் உலக சுகாதார நிறுவனம் பர்ன் அவுட்டை வேலை சார்ந்த நிலை என்றே வகைப்படுத்தியது. நோய் என்று சொல்லவில்லை. பிறகும் ஊழியருக்கு யோகா வகுப்பு வைத்துவிட்டு டார்கெட்டைத் தொடாமல் விடும் கம்பெனிகளை என்ன சொல்வது! வேலைக்கு வெளியிலும் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, கட்டணமில்லை.