உஷார்! வெளிநாட்டு விசாவை நம்பி வீட்டை விற்காதீர்கள்

2025 ஜூலை முதல் வாரம். ‘ஒரு லட்சம் திர்ஹாம் கட்டினால் போதும், இந்தியர்களுக்கு ஆயுள் முழுக்க துபாய் கோல்டன் விசா. சொத்து வாங்க வேண்டாம், தொழில் தொடங்க வேண்டாம்’ என்று ஒரு செய்தி வந்தது. அன்றைக்கு நம் பணத்தில் 23 லட்சத்துச் சொச்சம். பெரிய பத்திரிகைகளே வெளியிட்டதால் ஃபேமிலி குரூப்களில் எல்லாம் சுற்றியது. ஓரிரு நாளில் அமீரக அரசின் குடியுரிமை ஆணையம் அப்படியொரு திட்டமே கிடையாது என்று அடித்துச் சொன்னது. செய்திக்குக் காரணமான நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. ஆனால், மறுப்புச் செய்தியை யார் ஃபார்வர்டு செய்கிறார்கள்? “அந்த 23 லட்சம் விசா இருக்காமே?” என்று கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

கேட்கிறவர்கள் யார் என்று பார்த்தால்தான் கவலை வருகிறது. ஐ.டி.யில் இருபது வருடம் ஓடிக் களைத்து, நாற்பத்தைந்தில் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு, இனி ஏதாவது ஒரு கடற்கரை ஊரில் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பவர்கள். கையில் பி.எஃப்., கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட், சென்னையிலோ கோவையிலோ கடன் முடிந்த ஒரு ஃபிளாட். விசா விற்கிறவர்களின் கண் அந்த ஃபிளாட்டின் மேல்தான்.

முதல் பிரச்னை, வயது. ஓய்வுக்கால விசா என்பது பெரும்பாலும் ஓய்வுபெறும் வயதுக்காரர்களுக்கானது. தாய்லாந்தில் 50 முடிந்திருக்க வேண்டும். துபாயிலும் இலங்கையின் ‘மை ட்ரீம் ஹோம்’ திட்டத்திலும் 55. பிலிப்பைன்ஸ் ஒரு காலத்தில் 35 வயதிலேயே கொடுத்துக்கொண்டிருந்தது. 2020-ல் நிறுத்தினார்கள், மறுபடி திறந்தபோது 50 என்றார்கள், 2025-ல் 40 ஆகக் குறைத்தார்கள். அடுத்து என்ன சொல்வார்கள் என்பது மணிலாவுக்கே வெளிச்சம்.

அப்படியானால் நாற்பத்தைந்து வயதுக்காரரிடம் ஏஜென்ட் எதை விற்கிறார்? தாய்லாந்தை எடுத்துக்கொள்வோம். ‘பிரிவிலேஜ்’ என்ற அரசுத் திட்டத்தில் ஐந்து வருட உறுப்பினர் கட்டணமே குறைந்தது 6.5 லட்சம் பாட். இது டெபாசிட் அல்ல, கட்டணம். போனது போனதுதான். சட்டப்படி ஒழுங்கான வழி என்ற வகையில் அதையாவது ஒப்புக்கொள்ளலாம். ‘டி.டி.வி.’ என்று 2024 ஜூலையில் ஒரு விசா வந்தது. ஐந்து வருடம் செல்லும், ஒரு நுழைவுக்கு 180 நாள் தங்கலாம், வங்கியில் 5 லட்சம் பாட் காட்டினால் போதும். கேட்க ஜோராக இருக்கும். ஆனால் அது வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆன்லைனில் வேலை செய்கிறவர்களுக்கும், தாய் சமையல், குத்துச்சண்டை மாதிரியான பயிற்சிக்கு வருகிறவர்களுக்கும் ஏற்பட்டது. வேலையை விட்டவர் எந்தக் கணக்கில் விண்ணப்பிப்பார்? ஏஜென்ட் ஒரு சமையல் வகுப்பில் பெயரைச் சேர்த்துவிடுவார். இல்லையென்றால் மொழிப் பள்ளியில் சேர்த்து மாணவர் விசா. அதுவும் இல்லையென்றால் டூரிஸ்டாகப் போய், நாள் முடிந்ததும் எல்லையைத் தாண்டி உடனே திரும்பும் ‘விசா ரன்’. இப்படி மீண்டும் மீண்டும் வருகிறவர்களை 2025 இறுதியிலிருந்து தாய்லாந்து இமிக்ரேஷன் விமான நிலையத்திலேயே நிறுத்திக் கேள்வி கேட்கிறது. ஓவர்ஸ்டே ஆகிப் போலீஸிடம் சிக்கினால், ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தாலும் 5 வருடத் தடை.

50 ஆகிவிட்டது, எல்லாம் முறைப்படி என்றே வைத்துக்கொள்வோம். அங்கே குடியிருக்கும் வயதான வெள்ளைக்காரர்கள் சாதாரணமாகச் சமாளிக்கும் விஷயம்தான் இது. ஆனால் சமாளிக்க வேண்டியது என்ன என்பதை எந்த ஏஜென்ட்டும் முழுதாகச் சொல்வதில்லை. தாய் வங்கியில் உங்கள் பெயரில் 8 லட்சம் பாட் இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். அந்த 8 லட்சம் விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கணக்கில் கிடக்க வேண்டும். விசா நீட்டிப்பு கிடைத்த பின் மூன்று மாதம் தொடக் கூடாது. அதற்குப் பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஆக, சாப்பாட்டுச் செலவுக்கு வேறு பணம்! வருடா வருடம் நீட்டிப்பு. வங்கிக் கடிதம், அன்றைய தேதி வரை என்ட்ரி போட்ட பாஸ்புக், அதன் நகல், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. 90 நாளுக்கு ஒருமுறை ‘இன்ன முகவரியில்தான் இருக்கிறேன்’ என்று தெரிவிக்க வேண்டும். வீட்டுக்காரரும் நீங்கள் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் ‘டி.எம்.30’ என்ற தகவல் கொடுக்க வேண்டும். அவர் கொடுக்காமல் விட்டது உங்கள் நீட்டிப்பின்போதுதான் தெரியவரும்.

அதைவிட ஆபத்தானது ஊருக்கு வரும் அவசரம். ‘அம்மாவுக்கு முடியலை’ என்று போன் வருகிறது. கிடைத்த விமானத்தில் ஏறிவிடுகிறீர்கள். ‘ரீ-என்ட்ரி பெர்மிட்’ வாங்காமல் நாட்டை விட்டுக் கிளம்பினால், அந்த நிமிடமே நீட்டிப்பு செத்துப்போகும். திரும்பிப் போய் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அந்த பெர்மிட் ஒரு முறைக்கு 1,000 பாட்தான். சுவர்ணபூமி விமான நிலையத்திலேயே கவுன்ட்டர் இருக்கிறது. ஆயிரம் பாட்டில் முடிகிற வேலைதான், தெரிந்திருந்தால்.

சொல்லத் தயங்கும் விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கணவர் ஓய்வுக்கால விசாவில், மனைவி அவருடைய துணை என்ற வகையில் இருக்கிறார். கணவர் காலமாகிவிட்டால் மனைவியின் விசாவுக்கு ஆதாரமே போய்விடும். அந்த 8 லட்சம் பாட் கணவர் பெயரில் இருப்பதால் வங்கி முடக்கும். எடுக்க தாய்லாந்து நீதிமன்ற உத்தரவு வேண்டும். துக்க வீட்டில், மொழி தெரியாத ஊரில், கையில் காசில்லாமல் அந்த அம்மா நிற்பார். தாய்லாந்தில் செல்லும்படி ஒரு உயில் எழுதி வைத்திருந்தால் பாரம் பெருமளவு குறையும். எத்தனை பேர் எழுதி வைக்கிறார்கள்?

“பணம் இல்லையா? கவலைப்படாதீங்க சார், நாங்களே கணக்கில் போட்டு எடுத்துக்கறோம்” என்று சொல்கிற தரகர்களும் அங்கே உண்டு. அப்படிச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பொய்யான நிதி ஆதாரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்டவர்தான். தரகர் அல்ல.

தமிழர்கள் அதிகம் கேட்பது மலேசியாவைப் பற்றி. இட்லி, கோயில், தமிழ்ப் பத்திரிகை எல்லாம் இருக்கிற நாடு, ஆசை நியாயமானது. ஆனால் ‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ என்ற எம்எம்2ஹெச் திட்டத்தின் கதையைக் கேளுங்கள். 2020-ல் நிறுத்தி, 2021 அக்டோபரில் புது விதிகளோடு திறந்தார்கள். மாத வருமானம் 10,000 ரிங்கிட் காட்டினால் போதும் என்றிருந்தது 40,000 ஆனது. 50 வயதுக்காரருக்கு ஒன்றரை லட்சமாக இருந்த ஃபிக்ஸட் டெபாசிட் 10 லட்சம் ரிங்கிட். பத்து வருட விசா ஐந்து வருடம். பல வருடமாக அங்கே குடியிருக்கிறவர்களுக்கும் இது பொருந்தும் என்றே முதலில் அறிவித்தார்கள்; கூக்குரல் எழுந்த பிறகுதான் விலக்கு வந்தது. 2024-ல் மறுபடி மாற்றம். இப்போது சில்வர், கோல்டு, பிளாட்டினம். டெபாசிட் முறையே ஒன்றரை லட்சம், 5 லட்சம், 10 லட்சம் டாலர். கூடவே வீடும் வாங்க வேண்டும்: சில்வருக்குக் குறைந்தது 6 லட்சம் ரிங்கிட். வாங்கிய வீட்டைப் பத்து வருடம் விற்க முடியாது. 50-க்குக் கீழே இருந்தால் வருடத்தில் 90 நாள் அங்கே தங்கியாக வேண்டும்.

மலிவாக ஒரு வழியும் இருக்கிறது. ஜொகூரின் ஃபாரஸ்ட் சிட்டியில் சேர்ந்தால் டெபாசிட் 65,000 டாலர். 50 கடந்தவருக்கு 32,000. ஏஜென்ட்கள் இதைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். அங்கேயே வீடு வாங்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். பேய் நகரம் என்று உலகப் பத்திரிகைகள் எழுதிய, பெரும்பாலும் காலியாகக் கிடக்கும் அடுக்குமாடி ஊர் அது. கட்டிய சீன நிறுவனம் கன்ட்ரி கார்டன் 2023-ல் கடன் தவணை கட்ட முடியாமல் கவிழ்ந்தது. நாளைக்கு யார் வாங்குவார்கள் என்று யோசித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

ஐரோப்பா? போர்ச்சுகல் வீடு வாங்கினால் விசா என்பதை 2023-லும், ஸ்பெயின் தன் கோல்டன் விசாவையே 2025 ஏப்ரலிலும் மூடிவிட்டன. ஸ்பெயினில் வேலை செய்யாமல் தங்கும் விசாவுக்கு மாதம் 2,400 யூரோ வருமானம் காட்ட வேண்டும். வாடகை வருமானமும் டிவிடெண்டும் அந்த அளவுக்கு வந்தால் பாருங்கள்.

இந்தியப் பக்கத்துக் கணக்கைப் பலர் மறந்தே விடுகிறார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளியே அனுப்பக்கூடியது இரண்டரை லட்சம் டாலர். மலேசிய கோல்டு விசாவின் 5 லட்சம் டாலரை ஒருவரே ஒரே வருடத்தில் அனுப்ப வழியில்லை. அனுப்பும் தொகை 10 லட்ச ரூபாயைத் தாண்டினால், மீதிக்கு 20 சதவிகிதம் டி.சி.எஸ். வரி பிடிப்பார்கள். 40 லட்சம் அனுப்பினால் 6 லட்சம் தனியாக எடுத்து வைக்க வேண்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்து வரியில் கழித்துக்கொள்ளலாம் அல்லது ரீஃபண்ட் வாங்கலாம், ஆனால் அதுவரை பணம் கையில் இருக்காது. வரிச் சட்டப்படி நீங்கள் இன்னும் இந்தியாவில் வசிப்பவர் என்றால், தாய் வங்கிக் கணக்கை ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்ச ரூபாய் அபராதம். 20 லட்சம் வரையிலான கணக்குக்கு 2024 அக்டோபரிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் 8 லட்சம் பாட் அதைத் தாண்டிவிடும்!

அங்கேயும் வரி உண்டு. தாய்லாந்தில் வருடத்துக்கு 180 நாள் தங்கினால் அந்நாட்டு வரிக் கணக்கில் வந்துவிடுவீர்கள். 2024 முதல் வெளிநாட்டில் ஈட்டி உள்ளே கொண்டுவரும் வருமானத்துக்கு வரி கேட்கிறார்கள். மருத்துவக் காப்பீட்டையும் யோசியுங்கள். நம் மெடிக்ளெய்ம் பாலிசிகள் பெரும்பாலும் இந்திய எல்லையோடு முடிந்துவிடும். இங்கிருந்தே தாய்லாந்தின் ‘ஓ-ஏ’ என்ற ஓய்வுக்கால விசா வாங்கிப் போகிறவர் 30 லட்சம் பாட் காப்பீடு காட்ட வேண்டும். வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும்.

போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. வீட்டை விற்காமல், வாடகைக்கு விட்டுவிட்டுப் போங்கள். முதல் வருடம் அங்கே வாடகை வீட்டிலேயே இருந்து பாருங்கள். ஏஜென்ட் சொல்வதை அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலேசிய விசாவுக்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்துவிட்டவர்கள், உங்கள் ஏஜென்ட்டின் பெயர் மலேசியச் சுற்றுலா அமைச்சகத்தின் உரிமம் பெற்றவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள்.