குப்பியின் மேலிருக்கும் சிறு சதுரம்

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாளாக இருப்பதால், அன்றைய பணி முதல் குழந்தை வருவதற்கு முன்பே, மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருந்ததா என்று பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது. குப்பியின் மேல் ஒரு வட்டமும் அதனுள் வெளிறிய சதுரமும் அச்சிடப்பட்டிருக்கும். வெப்பம் படப்பட அந்தச் சதுரம் கருத்துக்கொண்டே வந்து, வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால், காலாவதித் தேதி மீதமிருந்தாலும் அம்மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. கருத்த சதுரம் மீண்டும் வெளுப்பதில்லை என்பதே இந்த எளிய ஏற்பாட்டின் அருமை.

ஊசிக்குப்பின் குழந்தையை அரைமணி நேரம் அங்கேயே வைத்திருக்கச் சொல்வதைச் சடங்காக எண்ணித் தாய்மார்கள் சலித்துக்கொள்வதுண்டு. ஆனால், உடல் முழுவதையும் தாக்கும் கடும் ஒவ்வாமை, பத்து லட்சம் ஊசிகளுக்கு ஏறத்தாழ ஒன்று என்ற அளவில் அரிதாக நேர்ந்தாலும், பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்ளேயே தலைகாட்டுவதாலும், உடனே அட்ரினலின் செலுத்தினால் உயிரைக் காக்க முடிவதாலும், அக்காத்திருப்பை எந்த மருத்துவரும் விட்டுக்கொடுக்கலாகாது.

ஆறாவது வாரத்தில் போடப்படும் ஐந்து நோய்களுக்கான ஊசிக்குப் பிறகு தொடை வீங்கி, இரவில் உடல் கொதித்து, குழந்தை வீறிட்டு அழுவது, அதிலுள்ள கக்குவான் இருமல் கிருமியின் கூறுகளை உடல் அடையாளம் கண்டு எதிர்ப்பதால் பெரும்பாலும் நேர்வது. இதை முன்கூட்டியே பொறுமையாகச் சொல்லியனுப்பினால், பெற்றோர் அடுத்த தவணைக்கும் தயங்காமல் வருகிறார்கள்.