செல்லின் சர்க்கரையைப் படிக்கும் பலாக்கொட்டை புரதம்... லெக்டின் மைக்ரோஅரே என்றால் என்ன?

ஸ்ரீரங்கத்தில் பலாச்சுளை சாப்பிட்டுவிட்டு நாம தூக்கிப் போடும் கொட்டையில் 'ஜாக்கலின்' என்ற புரதம் இருக்கு. இது லெக்டின் வகை. அதாவது, குறிப்பிட்ட சர்க்கரையை மட்டும் தேடிப் பிடிக்கும்.

எந்தச் சர்க்கரை?
செல்களின் மேல் ஒட்டியிருக்கும் சர்க்கரை. ஏ, பி, ஓ ரத்த வகையைப் பிரிப்பதே இதுதான். நோய் வந்தால் இதன் அமைப்பு மாறும். பல புற்றுநோய் செல்களில் வெளிப்படும் 'டி ஆன்டிஜென்' சர்க்கரையை ஜாக்கலின் பிடிக்கும். ஜாக்கலினின் வடிவத்தை 1996-ல் வெளியிட்டது பெங்களூரு ஐஐஎஸ்சி குழு.

எப்படி வேலை செய்யுது?
கண்ணாடித் தகட்டில் பல லெக்டின்களைப் புள்ளி புள்ளியாகப் பதிப்பார்கள். ஒளிரும் சாயம் ஏற்றிய மாதிரியை விட்டால், ஒளிரும் புள்ளிகளே சர்க்கரை அமைப்பைக் காட்டிவிடும்.

என்ன பலன்?
ஜப்பானில் இப்படித் தேர்ந்தெடுத்த ஒரு லெக்டின், கல்லீரல் தழும்பை ரத்தப் பரிசோதனையிலேயே கணிக்க உதவுது.

கவனம்: பலாக்கொட்டை சாப்பிட்டால் புற்றுநோய் குணமாகும் என்று இதற்கு அர்த்தமில்லை!