மொட்டைப் பனையும் பலகைப் பெட்டியும்

கொண்டை போன பனை யாருக்கும் வேண்டாதது. நுங்கு கிடையாது, பதநீர் கிடையாது, ஓலையும் கிடையாது. இடி விழுந்தோ கூன்வண்டு துளைத்தோ தலை போன பிறகு, செங்கல் சூளைக்கு எப்போது போகும் என்ற கேள்வி மட்டும்தான் பாக்கி. ஆனால் அது வெட்டுப்படாமல் நிற்கிற வருடங்களில் உள்ளே இருக்கும் சோறு உளுத்து, வைரம் பாய்ந்த வெளிப்பகுதி மட்டும் குழாயாக மிஞ்சும். அந்தக் குழாய்க்குத்தான் அடிதடி. பச்சைக்கிளி, மைனா, பனங்காடை, அணில் எல்லாம் அதைக் கேட்டு வரும். இவற்றோடு போட்டி போட்டு இடம் பிடிக்கும் இன்னொரு பறவை புள்ளி ஆந்தை.

ஆந்தைக்கு மரத்தைக் குடையத் தெரியாது. அதற்கேற்ற அலகு மரங்கொத்தி போன்றவற்றுக்குத்தான் உண்டு. யாரோ குடைந்ததில், அல்லது தானாக உளுத்ததில்தான் இந்த ஆந்தை பெரும்பாலும் முட்டை வைக்கும். பொந்து இல்லாத ஊரில் எலியும் பூச்சியும் எவ்வளவு மலிந்திருந்தாலும் ஆந்தை குடும்பம் நடத்த முடியாது. திருநெல்வேலியில் இன்றைக்குள்ள நிலைமை கிட்டத்தட்ட அதுதான். பாபநாசத்தில் மலையிறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் என்று கடலை நோக்கிப் போகும் தாமிரபரணியின் இருபுறமும் நெல்லும் வாழையும் இருக்கின்றன. வரப்பெல்லாம் எலி வளை. இரைக்குப் பஞ்சமில்லை, வீட்டுக்குத்தான் பஞ்சம்.

இங்கே இரண்டு ஆந்தைகளைப் பற்றிப் பேச வேண்டும். ஒன்று புள்ளி ஆந்தை. சுமார் 21 செ.மீ. நீளம், மைனாவைவிடப் பெரிதில்லை, ஆனால் உருண்டை. மாலை மங்குவதற்கு முன்பே மின்கம்பியில் ஜோடியாக வந்து உட்கார்ந்து, நம்மைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டிக் கிறீச்சிடுகிறதே, அதுதான். இன்னொன்று கூகை. இதய வடிவ வெள்ளை முகம், கோபுரத்திலும் பழைய கட்டடத்திலும் குடியிருப்பு. இரண்டுக்கும் நம்மூரில் சாக்குருவி என்ற ஒரே பட்டத்தைக் கட்டிவிட்டார்கள்.

வீடு எப்படிப் போயிற்று? நெல்லை–தென்காசி சாலையை நான்கு வழியாக்கியபோது ஓரத்து மரங்கள் விழுந்தன. புதிதாக வைத்த கன்றுகள் நிழல் தரச் சில வருடங்கள் போதும்; அவற்றில் ஒரு பொந்து விழ நம் பேரப்பிள்ளைகள் காலம் ஆகும். பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு தன் முதல் வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தது. நல்ல அறிவிப்புத்தான். ஆனாலும் அந்தப் பேச்செல்லாம் உயிர்ப்பனையை நினைத்து. செத்த பனைக்காக வாதாட ஆளில்லை. கோபுரங்களுக்கோ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி வருகிறது. வண்ணம் பூசி, விரிசலை அடைத்து, புறா வராமல் வலை கட்டுகிறார்கள். அந்த வலை கூகைக்கும் சேர்த்துத்தான்.

பழைய மரத்தை விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தொலைவில் போய்ச் சாட்சி தேட வேண்டாம். கடனாநதி தாமிரபரணியில் சேரும் திருப்புடைமருதூரில், நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றி நிற்கும் மருதும் இலுப்பையும் கொக்கு, நாரைகளுக்கு ஊரார் விட்டுக்கொடுத்த இடம். 2005-இல் அது சட்டப்படி காப்பகமானது. மூன்று ஹெக்டேர்கூட இல்லாத துண்டு நிலம். சட்டம் வருவதற்கு முன்பே ஊர் அதைக் காத்துக்கொண்டிருந்தது என்பதுதான் முக்கியம்.

எல்லா ஊரும் திருப்புடைமருதூராக முடியாதே! அங்கேதான் பலகைப் பெட்டி வருகிறது.

ஆந்தையை எலிக்கு எதிராக நிறுத்தும் யோசனைக்கு முன்னோடி நம் மாநிலத்திலேயே உண்டு. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியில் ஆர்.கனகசபை, பி.நீலநாராயணன், ஆர்.நாகராஜன் ஆகியோர் 1990-களில் காவிரி டெல்டா வயல்களில் கூகையை ஆராய்ந்தார்கள். கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டைகளைப் பிரித்து, மண்டையோட்டையும் தாடையையும் வைத்து எந்த எலி எத்தனை என்று கணக்கெடுக்கும் வேலை அது. பார்க்க அருவருப்பு, ஆனால் பொய் சொல்லாத கணக்கு. வரப்பைக் குடைந்து கதிரை வளைக்குள் இழுத்துப் பதுக்கும் கரம்பை எலியும் வயல் சுண்டெலியும் வெள்ளெலியும் அதில் வந்தன. கோவை வேளாண் பல்கலைக்கழகம் இன்று நெல்லுக்குச் சொல்லும் எலிக்கட்டுப்பாட்டு யோசனைகளில், ஹெக்டேருக்கு 40 முதல் 50 ஆந்தை இருக்கைகள் ஊன்றுவதும் ஒன்று. தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டாலே இருக்கை ஆகிவிடும். கதிர் பிடித்ததும் பிடுங்கிவிட வேண்டும். இல்லையென்றால் அதே மட்டையில் குருவி உட்கார்ந்து நெல்லைத் தின்னும்.

இருக்கை வேட்டைக்கு, பெட்டி குடித்தனத்துக்கு. தாமிரபரணிப் பாசனத்தில் இந்த இரண்டும் சேர்ந்து பலன் தர ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது. புள்ளி ஆந்தை இங்கே பெரும்பாலும் தை முதல் சித்திரைக்குள் முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்கும். மூன்று நான்கு முட்டை. அடைகாக்க ஒரு மாதம். குஞ்சுக்கு முதலில் பூச்சி ஊட்டும், பிறகு சுண்டெலி. புரட்டாசியில் நாற்றுப் பாவும் பிசான நெல்லின் அறுப்பும் அந்தச் சமயத்தில்தான். அறுத்த வயலில் ஒளிய இடமில்லாமல் எலி ஓடும் நாட்களும், குஞ்சு அதிகமாகத் தின்னும் நாட்களும் ஒன்றாக வருகின்றன. எலி அதிகம் கிடைக்கும் இடத்தில் கூடு வைத்த புள்ளி ஆந்தைகளே அதிகக் குஞ்சுகளைக் கரையேற்றுகின்றன என்று மகாராஷ்டிரத்தில் சதீஷ் பாண்டேயும் அவர் குழுவினரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வும் சொல்கிறது.

ஆனால் விவசாயியிடம் மிகையாகச் சொல்லி ஏமாற்றக் கூடாது. புள்ளி ஆந்தைக்கு முக்கிய உணவு பூச்சி. எலியை அழிக்க அதை நம்பிப் பெட்டி வைத்தால் ஏமாற்றம்தான். பெரிய எலிக்குக் கூகைதான் சரி. மலேசியாவின் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் ஐந்து முதல் பத்து ஹெக்டேருக்கு ஒன்று என்று கூகைப் பெட்டி நட்டிருக்கிறார்கள். இஸ்ரேலில் 1980-களில் ஸ்டே எலியாகு என்ற கூட்டுப்பண்ணையில் தொடங்கிய பெட்டி வேலை, பிறகு ஜோர்டான் விவசாயிகள் வரை போனது. லட்சத்தீவில் தென்னையைக் குதறும் எலிக்காகக் கூகைகளைக் கடல் கடந்து கொண்டுபோனார்கள். நமக்கு அந்தச் செலவே இல்லை. பறவை ஏற்கெனவே ஊரில் இருக்கிறது.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பெட்டி வைக்கும் வயலில் புரோமடையலோன் என்ற எலிமருந்துக் கேக் வைக்கக் கூடாது. அதைத் தின்ற எலி உடனே சாகாது. ரத்தம் உறையாமல் சில நாள் தள்ளாடும். தள்ளாடுகிற எலிதான் ஆந்தையின் கண்ணில் முதலில் படும். மருந்து எலி வழியாக ஆந்தைக்கும் அதன் குஞ்சுக்கும் போகும். ஒரு பக்கம் பெட்டியை மாட்டிவிட்டு மறுபக்கம் கேக்கைப் போடுவது, விருந்துக்கு அழைத்து விஷம் வைப்பதுதான். பக்கத்து வயல்காரரையும் உட்கார வைத்துப் பேசாமல் பெட்டிக்குப் பலகை வாங்கப் போகவே வேண்டாம் என்பது என் கட்சி. வளை வெட்டுவதும், கிட்டி வைப்பதும், வரப்பை ஒடுக்கிக் கட்டுவதும் ஆந்தைக்குக் கேடு செய்யாதவை.

சரி, பெட்டி. புள்ளி ஆந்தைக்கு உள்ளளவு 20 செ.மீ. சதுரம், 40 செ.மீ. உயரம் போதும். வாசல் 7 செ.மீ. வட்டம், தரையிலிருந்து 25 செ.மீ. மேலே இருக்கட்டும். வாசல் தாழ்ந்திருந்தால் எட்டிப் பார்க்கும் குஞ்சு கீழே விழும். கூகைக்கு எல்லாம் பெரிது. நீளம் 60, அகலம் 45 செ.மீ.; வாசல் விளிம்பிலிருந்து தரைவரை ஆழம் 45 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்று பிரிட்டனின் பார்ன் அவுல் டிரஸ்ட் அடித்துச் சொல்கிறது. ஆழமில்லாத பெட்டியில் பறக்கத் தெரியாத குஞ்சுகள் வெளியே விழுந்து சாவதை அவர்கள் நிறையப் பார்த்தவர்கள்.

பலகை முக்கால் அங்குல கனம். வேம்போ பழைய நிலைச்சட்டப் பலகையோ நல்லது. மெல்லிய பிளைவுட் ஒரு மழைக்கே உப்பிவிடும். தகரப் பெட்டி சித்திரை வெயிலில் குஞ்சை வேகவைக்கும். ஆசாரியிடம் வேலையைக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். “என்ன அண்ணாச்சி, சாக்குருவிக்கா வீடு கட்டுதிய?” என்று சிரித்துக்கொண்டே தொடங்கினாலும், கை பழக்கம் சும்மா விடாது, உள்பக்கத்தையும் இழைப்புளி போட்டு வழவழவென்று ஆக்கிவிடுவார். அதைத் தடுக்க வேண்டும். உள்ளே சொரசொரப்பு இருந்தால்தான் குஞ்சு நகத்தைப் பதித்து வாசலுக்கு ஏறும். வாசலுக்குக் கீழே உளியால் நாலைந்து வரி கீறிவிட்டால் இன்னும் நல்லது. உள்ளே வார்னிஷ், பெயின்ட், கரையான் மருந்து எதுவும் கூடாது. கூரை முன்பக்கம் நான்கு விரல் நீட்டிக்கொண்டிருக்கட்டும், தண்ணீர் வழியச் சரிவாக. அடிப்பலகையில் நான்கு வடிகால் துளை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையைப் பார்த்த ஊருக்கு வடிகாலைப் பற்றி விளக்கத் தேவையில்லை. தரையில் இரண்டு அங்குலம் மரத்தூள் பரப்பினால் முட்டை உருளாது. பக்கப்பலகை ஒன்றைக் கீல் வைத்துத் திறக்கிற மாதிரி செய்துகொண்டால் பிறகு சுத்தம் செய்யலாம்.

நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனியில் புள்ளி ஆந்தையின் நெருங்கிய சொந்தமான சிற்றாந்தைக்கு வேறு மாதிரிப் பெட்டி செய்கிறார்கள். நீளவாக்கில் கிளைமேல் படுத்திருக்கும் பெட்டி. வாசலை அடுத்து ஒரு சின்ன அறை, குறுக்கே தடுப்பு, தடுப்பில் இன்னொரு துளை, அதற்கப்புறம் கூடு. கை நீட்டித் துழாவும் விலங்குக்கு முட்டை எட்டாது. அங்கேயும் கதை இதுதான். தலை வெட்டிய கிழ வில்லோ மரங்களும் பழைய பழத்தோட்டங்களும் போனதால் பெட்டி தேவைப்பட்டது. மரநாய் நடமாட்டம் உள்ள தோப்புகளில் நாமும் இந்தத் தடுப்பறை மாதிரியையே எடுத்துக்கொள்ளலாம்.

எந்தத் திசையில் மாட்டுவது? இங்கேதான் புத்தகத்தை மூடிவிட்டு வானத்தைப் பார்க்க வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடித்துக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை வடகிழக்கிலிருந்து சாய்க்கும். மேற்கு வாசலுக்குப் பிற்பகல் வெயில் வேறு. மிஞ்சுவது தென்கிழக்கு. அதிலும் பெட்டிமேல் நாள் முழுக்க நிழல் விழ வேண்டும். பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர். புள்ளி ஆந்தைக்கு மூன்று நான்கு மீட்டர் உயரம், கூகைக்கு ஐந்து மீட்டருக்குக் குறையாமல். வயலோரத்துப் புளி, வேம்பு, மோட்டார் அறையின் சுவர் எல்லாம் சரி. மரத்தில் ஆணி அடிக்காமல், பழைய சைக்கிள் டியூபுக்குள் கம்பியை நுழைத்துக் கட்டினால் பட்டை அறுபடாது.

தென்னையில் எலி ஏறாமல் தண்டைச் சுற்றித் தகரம் அடிப்பது நம்மூர்த் தோப்புக்காரர்களுக்குக் கைவந்த வேலை. அதே தகரம் இங்கேயும் மரநாயையும் உடும்பையும் சாரையையும் பூனையையும் தடுக்கும். பக்கத்து மரத்துக் கிளை தொடாமல் இருந்தால்தான் பலன்.

பெட்டியில் முதலில் மைனா வரலாம். பொந்துத்தேனீ அடை கட்டலாம். அதற்காகக் கோபப்பட்டுக் கலைக்காமல், தள்ளி இன்னொரு பெட்டி மாட்டுவதுதான் வழி. மார்ச் 20 சிட்டுக்குருவி தினத்தன்று மேடை போட்டுப் பெட்டி வழங்கும் வழக்கம் 2010-க்குப் பிறகு எல்லா ஊரிலும் வந்துவிட்டது. வாங்கிப்போன பெட்டி எங்கே தொங்குகிறது, அதில் எது குடியேறியது என்று அடுத்த வருடம் கேட்க யாரும் வருவதில்லை. ஆந்தைப் பெட்டிக்கும் அந்த விழாக் கதி வரவேண்டாம். நூறு பெட்டி கொடுத்து மறப்பதைவிட, ஒரே ஊரில் பத்துப் பெட்டி மாட்டி, ஐந்து வருடம் ஒரு நோட்டில் எழுதி வைப்பது மேல்.

ஆந்தையைக் கண்டால் பயம் என்பது சும்மா சொல்வதல்ல. சாவு விழும் என்று கல்லெறிந்து விரட்டுவோர் இன்றும் உண்டு. இந்தப் பயம் பழையது. நற்றிணையின் 83-ஆம் பாட்டில், தண்ணீர்த் துறைப் பக்கம் தெய்வம் உறையும் கிழமரத்தில் வாழும் கூகையிடம் தோழி ஒருத்தி பேரம் பேசுகிறாள். தலைவன் வரும் இரவில் அலறாமல் இருந்தால் நெய்ச்சோறும் ஊனும் சுட்ட எலிக்கறியும் தருகிறேன் என்கிறாள். பயமும் இருக்கிறது, ஆனால் கல் இல்லை. கூகை எதைத் தின்னும், எங்கே குடியிருக்கும் என்பது பாடிய பெருந்தேவனாருக்கு அத்துப்படி. அந்த மரத்துக்கு இன்றைய உருவம் வேண்டுமானால் தாமிரபரணிப் படித்துறை மருதங்களைப் போய்ப் பார்க்கலாம்.

பயத்தைவிடப் பெரிய ஆபத்து மாந்திரீகச் சந்தை. தீபாவளியை ஒட்டி ஆந்தைகள் பிடிபட்டு விற்கப்படுவதை, காட்டுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு 2010-இல் விரிவாக அறிக்கையாக்கியது. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். ஆகவே பெட்டி மாட்டிய இடத்தைப் படமெடுத்து, ஊர் பேர் போட்டு ஊருக்கெல்லாம் அனுப்ப வேண்டாம். முட்டைக் காலத்தில் திறந்து பார்க்கவும் வேண்டாம். கீழே உருண்டை கிடக்கிறதா, விளிம்பில் எச்சம் வெளுத்திருக்கிறதா என்று தரையில் நின்றே தெரிந்துகொள்ளலாம்.

கோயிலில் வைக்க விரும்புவோர் திருப்பணிக் குழு கூடும்போதே போய்ச் சொல்லிவிட வேண்டும். மேல்நிலைச் சாளரத்தில் வலை கட்டும் முன், அதற்குப் பின்னால் ஒரு பெட்டி உட்கார இடம் கேட்டால் போதும். எச்சம் கோபுரத்துக்குள் சிதறாது என்பதால் குருக்களுக்கும் சம்மதமாக இருக்கும். வயலில் வைப்போருக்குக் காலம் புரட்டாசி. கார் நெல்லை அறுத்து, பிசானத்துக்கு நாற்றுப் பாவும் நாட்களில் மாட்டிவிட்டால், தை மாதம் ஜோடி வீடு தேடும்போது பலகையின் புதுவாசனை போயிருக்கும். மாட்டுகிற தோப்பில் மொட்டைப் பனை ஏதாவது நின்றால், சூளைக்காரர் தரும் விலையைக் கேட்பதற்கு முன், அதில் பொந்து இருக்கிறதா என்று ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடுங்கள். இருந்தால், பெட்டிக்கு வைத்திருந்த காசை மிச்சம் பிடிக்கலாம்.