சிங்கி இறாலின் காலை ஒடித்தால் யாரிடம் அனுமதி வாங்கணும்?

கீரிப்பாறை:
கீரிப்பாறை ரப்பர் காட்டுக்கும் முட்டம் கடலில் கிடக்கிற சிங்கி இறாலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. மலையில் ஒரு இலையைக் கிள்ளினாலும், கடலில் ஒரு இறாலின் காலை ஒடித்தாலும், மரபணு ஆராய்ச்சிக்கு என்று எடுத்துப் போனால் ஒரே சட்டம்தான் வந்து நிற்கும். 2002-ல் மத்திய அரசு கொண்டு வந்த பல்லுயிர் சட்டம் அது.

கால் நுனி போதும்

சிங்கி இறாலை எதுக்கு ஆராயணும்? ஒரு தாய் இறால் லட்சத்துக்கும் மேல் முட்டை போடும். பொரிந்த குஞ்சு கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாக, மாதக்கணக்கில் நீரோட்டத்தோடு மிதந்து போகும். முட்டத்தில் பிறந்தது எந்தக் கரையில் போய் ஒதுங்கும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஜீனைப் பார்த்தால் எந்தக் கரை இறாலுக்கு எது சொந்தம் என்று தெரிய வரும். நம்ம கடலில் கிடைக்கிற அதே சாதி இறால் ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையில் செந்நிறமாகத் தனி வகையாக இருப்பதை ஜீன் சோதனையும் உறுதி செய்திருக்கிறது.

இதுக்கு இறாலைக் கொல்ல வேண்டாம். கால் நுனியில் சின்னத் துண்டு எடுத்துச் சாராயத்தில் (குடிக்கிற சரக்கு அல்ல) போட்டு வைத்தால் போதும். சட்டை உரிக்கும்போது கால் மறுபடி முளைத்து விடும்.

யாருக்கு அனுமதி வேணும்?

நம் நாட்டு ஆராய்ச்சி நிலையம் ஆராய்ச்சிக்கு மட்டும் எடுத்தால் இந்தச் சட்டம் தடுக்காது. வெளிநாட்டுக்காரர், வெளிநாட்டுக் கம்பெனி, வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் என்றால் சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்கணும். ஆராய்ச்சி முடிவை வெளிநாட்டுக்காரருக்கு விற்பதற்கும் அனுமதி வாங்கணும்.

மலையில் கெடுபிடி இன்னும் ஜாஸ்தி. மாவட்டத்து காடுகளில் பெரும்பகுதி 2008-ல் வனவிலங்கு சரணாலயம் ஆகி விட்டது. அங்கே ஆராய்ச்சிக்கு நுழையவே வனத்துறை அனுமதி வேணும். அதே 2008-ல் டார்ஜிலிங் பக்கம் அனுமதி இல்லாமல் பூச்சி பிடித்த செக் நாட்டுக்காரர்கள் 2 பேர் கைதாகி, கோர்ட்டில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. பல்லுயிர் சட்டத்தில் முன்பு 5 வருஷம் வரை ஜெயில் இருந்தது. 2023-ல் திருத்தி, ஜெயிலை எடுத்து விட்டு அபராதம் மட்டும் வைத்தார்கள். பெரிய கம்பெனிக்கு அபராதம் எல்லாம் ஒரு பொருட்டா என்ற கேள்வி நியாயமானதுதான்.

காணி மக்கள் கதை

ஏன் இவ்வளவு கெடுபிடி? 1987-ல் அகஸ்தியர் மலையில் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டப் போன கேரளத்துக் காணி மக்கள், களைப்பே தெரியாமல் ஒரு பழத்தைத் தின்றுகொண்டே நடந்தார்கள். அந்த ஆரோக்கியப்பச்சை செடியில் இருந்து 'ஜீவனி' மருந்து வந்தது. 1995-ல் ஒரு கம்பெனிக்கு உரிமை கொடுத்தபோது, கிடைத்த பணத்தில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. அப்போது இந்தச் சட்டமே கிடையாது.

சிங்கி எந்தப் பாறை இடுக்கில், எந்த மாதம் கிடைக்கும் என்பது வலை போடுகிறவருக்குத்தான் தெரியும். அதனால் உள்ளாட்சிகளில் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, அனுமதி கொடுக்கும் முன் அதைக் கலந்து பேசணும் என்கிறது சட்டம். அப்படி ஒரு குழு இருப்பது கரையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சாப்பாட்டுக்கு இறால் விற்கிறவர்களுக்கு இந்தச் சட்டத்தால் தொல்லை இல்லை. ஆனால் 200 கிராமுக்குக் குறைந்த சிங்கியை ஏற்றுமதி செய்ய 2003-லேயே தடை போடப்பட்டது குறிப்பிடத்தக்கது.